மறைக்காட்டில் ஒரு பகல்



செருமனி நாட்டில் சாலே ஆற்றங்கரையில் ஆலே என்றொரு நகரம் இருக்கிறது. ஐந்து கோபுரங்களின் நகரம் என்பது அதன் விருதுப்பெயர். சந்தைச் சதுக்கத்தில் இசைமேதை ஆண்டெலின் சிலை நிற்கிறது. அவர் 1685இல் அந்நகரில் பிறந்தவர். அங்கு ஒரு பகலைக் கழிக்கச் செல்பவர் சதுக்கத்தில் தொடங்கி, ஒடுங்கிய தெருக்கள் வழியே நடந்து, ஆற்றங்கரையில் சற்றே அமர்ந்து, பிராங்கே என்னும் சமயப் பெரியார் 1698இல் எழுப்பத் தொடங்கிய ஆதரவற்றோர் இல்லத்தின் பெருங்கட்டடத்தில் தம் உலாவை முடிப்பார். அக்கட்டடத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஆலேயில் பயின்ற சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அந்நகரில்தான் அச்சாயிற்று. தமிழ் அச்செழுத்துகளும் அங்கு வார்க்கப்பட்டுக் கப்பலேறி இக்கடற்கரைக்கு வந்தன.

அந்நகருக்குச் செல்லும் தமிழர் அச்சுவடிகளைக் கண்டு மெய்சிலிர்ப்பது இயல்பே. ஆயினும் அவர் கண்ணில் படவேண்டிய வேறொன்றும் அங்கு உண்டு. அது உப்பு. ஆலே உப்பால் வளர்ந்த ஊர். நிலத்தடியிலிருந்து ஊறிய உவர்நீரைக் கொப்பரைகளில் காய்ச்சி உப்பெடுத்தவர்களை ஆலோரர் என்று அழைத்தனர். அவர்களுக்கெனத் தனி உடை, தனிச் சடங்கு, தனிக் கூட்டமைப்பு எல்லாம் இருந்தன. புத்தாண்டுதோறும் உப்பும் முட்டையும் இறைச்சியும் எடுத்துச் சென்று மன்னன் கையில் கொடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அந்த உப்பாலை பின்னர் அருங்காட்சியகம் ஆயிற்று. உப்புக் காய்ச்சியவனுடைய வெள்ளிப் பொத்தானைக்கூடக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டும் பண்பாடு அவர்களுடையது.

அங்கு சென்று இவ்வளவும் கண்டு வியந்து, பெயர்ப்பலகை ஒன்றுவிடாமல் படித்துத் திரும்பும் தமிழர், வேதாரணியத்தில் ஒரு பகல் முழுதும் தங்கியிருப்பாரா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா. அமாவாசை நீராட வருவோர் உண்டு. கோடிக்கரை மானைக் காண வருவோரும் உண்டு. காலையில் வந்து, கடலில் மூழ்கி, கோயிலை வலம்வந்து, நண்பகல் உணவுக்கு நாகப்பட்டினம் சென்று சேர்ந்துவிடுவர். ஓர் ஊரை ஆறஅமரக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. தான் சென்று கண்ட வழியை எதிர்ப்பட்டவனுக்கு எடுத்துரைத்து, இந்நிலத்தில் இன்னார் இருப்பர், அவர்கள் இன்ன உணவு தருவர் என்று ஆற்றுப்படுத்தும் இலக்கிய வகையையே நம் முன்னோர் படைத்துள்ளனர். ஆற்றுப்படைப் புலவன் காட்சியை மட்டும் கூறி அமைவதில்லை. அங்கு வாழும் மனிதர் யாவர், அவர் தொழில் யாது என்பதையும் கூறியே அடுத்த நிலத்திற்கு நகர்வான். பெரும்பாணாற்றுப்படையில் உமணர்தம் உப்பு வண்டிகளின் நெடிய வரிசை வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் குரங்கு கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டு உமணர் வீட்டுச் சிறாரோடு கூடிக் கிலுகிலுப்பை ஆடுகிறது. அரசனைப் பாடப் புறப்பட்ட புலவன் வழியில் உப்பு வணிகனின் பிள்ளையைக் கண்டு நின்றிருக்கிறான் என்பது கருதத்தக்கது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரையுள்ள 37 கிலோமீட்டர் இருப்புப்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. மீட்டர் பாதைக் காலத்தில் தண்டவாளம் கோடியக்கரை வரை சென்றது. இப்போது அகத்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. தொடர்வண்டியில் வருபவர் நெல்வயல் மெல்ல மெல்லக் குறைவதையும், மண் வெளுப்பதையும், பனையும் சவுக்கும் தோன்றுவதையும், வானம் தாழ்ந்து அகல்வதையும் காண்பார். மருதம் நெய்தலாவதைத் திணை விளக்க நூல்களைவிட இப்பாதை தெளிவாகக் கற்பிக்கும்.

முதலில் கோயில். திருமறைக்காடு என்னும் தமிழ்ப் பெயர்தான் வேதாரண்யம் என வடமொழியாயிற்று. மறைகள் வழிபட்ட காடு என்பது தொன்மம். வழிபட்ட மறைகள் சென்றபோது தலைவாயிற் கதவைத் திருக்காப்பிட்டுச் சென்றன என்றும், அதன்பின் மக்கள் வேறொரு வாயில் வழியே சென்று வணங்கிவந்தனர் என்றும் பெரியபுராணம் உரைக்கிறது. அப்பரும் சம்பந்தரும் ஒருங்கே அங்கு வந்தனர். திறக்கப் பாடுமாறு சம்பந்தர் அப்பரை வேண்டினார். அப்பர் பாடினார்; கதவு அசையவில்லை. பத்துப் பாட்டு நிறைந்தும் திறவாத கதவு, இறைவனே உமக்கு இரக்கமில்லையோ என்னும் பொருள்பட அவர் இறுதிப் பாட்டில் நொந்த பின்னரே திறந்தது. பின்னர் மூடுவதற்குச் சம்பந்தர் பாட, முதற் பாட்டிலேயே மூடிக்கொண்டது.

இத்தலத்திற்கு வரும் எவரும் இக்கதையைக் கேட்டிருப்பர். ஆயின் இதன் பிற்பகுதியைச் சொற்பொழிவாளர் பலர் விட்டுவிடுகின்றனர். அன்றிரவு அப்பர் அமைதியாக உறங்கவில்லை. தாம் பாடத் திறந்தது அத்துணை அரிதாகவும், சம்பந்தர் பாட அடைத்தது அத்துணை எளிதாகவும் அமைந்ததே, இறைவனின் திருவுள்ளத்தை அறியாமல் போனோமே என்று அஞ்சிக் கிடந்தார் எனச் சேக்கிழார் எழுதுகிறார். எண்பதாண்டு வாழ்ந்தவர், எத்தனையோ பதிகம் பாடியவர், சமணத்தையும் சைவத்தையும் உள்நின்று கண்டவர். அவருக்கும் தம் பாட்டைப் பற்றிய ஐயம் நள்ளிரவில் எழுந்திருக்கிறது. இறைவன் அப்பர் பாட்டின் சுவையை நெடிது நுகரவே காலம் தாழ்த்தினான் என்று அடியார் மரபு விளக்கம் தரும். விளக்கம் இனியதே. எனினும் கவிஞர் நிறைந்த இவ்வவையில், இனிய விளக்கத்தைவிட அந்த அமைதியற்ற இரவே உண்மைக்கு அண்மையில் நிற்பதாகப் படும். உடன் எழுதும் இளையவருக்கு ஒரு வரியில் கைகூடுவது மூத்தவருக்குப் பதினொரு பாட்டில் கைகூடும் நாள்கள் உண்டு. அப்பர் சம்பந்தர்மீது மனக்குறை கொள்ளவில்லை, தம்மையே ஐயுற்றார். விடியுமுன் வாய்மூருக்கு வா என்ற குரலைக் கேட்டு எழுந்து நடந்தார்.

அக்கதவைக் கடந்து உட்சென்றால் விளக்கு. திருவாரூருக்குத் தேர் அழகென்றால் வேதாரணியத்திற்கு விளக்கழகு என்பது சோழநாட்டு வழக்கு. அணைய இருந்த திருவிளக்கின் திரியை, நெய் உண்ண வந்த எலியொன்று அறியாமலே தூண்டிவிட, அது மறுபிறப்பில் மாவலி மன்னனாயிற்று என்பது தலக்கதை. விளக்கேற்றும் அறம் சோழர் காலத்தில் எவ்வளவு கணக்காக நடைபெற்றது என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. ஒரு நுந்தாவிளக்கிற்கு 90 ஆடு, சிலவிடத்து 96 ஆடு என்பது அளவு. அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடுகள் என்று பெயர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் இறந்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காக்கவேண்டும் என்பதே அதன் பொருள். கணக்கெழுதும் ஓலைநாயகம் இப்படியொரு சொற்றொடரை ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். கவிதை கவிஞனிடம் மட்டும் பிறப்பதன்று போலும்.

அம்மை யாழைப் பழித்த மொழியாள். அவள் குரலுக்கு நாணிக் கலைமகள் இத்தலத்தில் வீணையைக் கையில் கொள்ளவில்லை என்பர். எழுவிடங்கத் தலங்களுள் இது ஒன்று. புவனிவிடங்கரின் ஆடல் அன்னநடை. திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் பிறந்த ஊரும் இதுவே. மதுரையின் அறுபத்துநான்கு விளையாடல்களைப் பாடியவர் கடலோசை கேட்டு வளர்ந்தவர் என்பதை மதுரைக்காரர் பெரிதாகச் சொல்வதில்லை.

காலை பத்து மணிக்குமேல் அகத்தியம்பள்ளி. சம்பந்தர் பதிகம் பெற்ற ஊர். ஆயினும் நாடறிந்தது வேறொரு நிகழ்ச்சியால். 1930 ஏப்பிரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில், திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி.சே.சௌ. இராசன் இல்லத்திலிருந்து இராசாசி தலைமையில் தொண்டர் அணி புறப்பட்டது. தஞ்சை, குடந்தை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து ஏப்பிரல் 28இல் வேதாரணியம் அடைந்தது. 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்த இராசாசி கைதானார். நடைக்கேற்ற பாட்டை நாமக்கல் கவிஞர் எழுதித் தந்தார். ஊரில் அனைத்தையும் முன்னின்று ஒருங்கமைத்தவர் வேதரத்தினம் பிள்ளை. பிற்காலத்தில் சர்தார் என மக்கள் அழைத்தனர். 1946இல் கத்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தை நிறுவியவரும் அவரே. உருக்மிணி இலட்சுமிபதி இப்போராட்டத்திலேயே சிறைசென்றார்.

இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. நின்று எண்ணவேண்டியது வழிநெடுகிலும் நிகழ்ந்தது. தொண்டருக்கு உணவோ இடமோ தருபவர் தண்டனைக்குள்ளாவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். தஞ்சை மண்ணில் விருந்தோம்பலைக் குற்றமாக்கிய ஆணை அது! மக்கள் வாதிடவில்லை. உணவுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுச் சென்றனர். எவர் கொடுத்தார் என்பது தெரியாது, மரம் கொடுத்தது. வேதாரணியத்தில் வைரப்பன் என்னும் முடிதிருத்தும் தொழிலாளி, தம்முன் அமர்ந்திருப்பவர் காவலர் என அறிந்ததும் பாதி மழித்த நிலையிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறையும் சென்றார். உப்பெடுத்த கைகளை நினைவுத்தூண் காட்டுகிறது. பொட்டலம் கட்டிய கைகளும் கத்தியை வைத்துவிட்ட கையும் தூணில் அடங்கா.

உப்பு வரி 1947இல் நீங்கியது. தூணைக் கண்டு படமெடுத்துக்கொண்ட பயணியர் பெரும்பாலும் அங்கேயே ஊர்தியில் ஏறிவிடுகின்றனர். தூணுக்கு அப்பால் விரியும் வெண்மையை ஒரு காட்சியாகச் சாளரம் வழியே காண்பதோடு சரி. இந்த இடத்தில்தான் ஆறஅமர நிற்கவேண்டும். தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு விளையும் பெருநிலம் இது.

அளத்தின் தொழில் எளியதென்று தோன்றும், எளியதன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், சனவரி வாக்கில் பாத்திகளைச் சீர்செய்வர். சேற்றைக் கலைத்து, மட்டமிட்டு, நீர் உட்புகாதவாறு தரை இறுகும்வரை காலால் மிதிக்கவேண்டும். பாத்தி மிதிப்பது நாட்கணக்கில் நடக்கும். பின் உவர்நீரை ஒரு தேக்கத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றச்செய்வர். கடல்நீரின் செறிவு போமே அளவையில் ஏறக்குறைய 3 பாகை; அது 25 பாகை ஆகும்போதுதான் உப்பு பூக்கும். 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகளும் உடன் படியும். அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். கருவி கையில் இல்லாத காலத்திலும் நீரின் நிறத்தையும் விரலிடைப் பிசுபிசுப்பையும் கொண்டே இவ்வெல்லையை அறிந்தவர் இருந்தனர். உப்பு பூப்பது என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். நீர்மேல் முதலில் ஒரு மெல்லிய ஆடை தோன்றி, அது உடைந்து கீழே இறங்கிப் படிகமாவதை அளத்தார் பூவென்கின்றனர். நெய்தலுக்குப் பூ தந்த மரபு உப்புக்கும் ஒரு பூவைத் தந்திருக்கிறது.

பலகை பொருத்திய நீண்ட கழியால் உப்பை வாரிக் கரைசேர்ப்பர். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். வெயிலுக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே தொடங்கும் வேலை. பயணியர் வரும் வேளையில் பலர் வீடு திரும்பிவிட்டிருப்பர். ஆதலால்தான் அளம் ஆளற்ற வெண்வெளியாகப் பலருக்குத் தோன்றுகிறது. ஆளற்ற அழகு என்று அதைப் பாடிய கவிதைகளும் வந்துள்ளன. குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை; பத்து மணிக்கு வருபவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே. ஐந்து மணிக்கு வந்திருந்தால் அக்கவிதையில் உருவமை வேறாகியிருக்கும். உப்பின் ஒளி கண்ணைக் கூசவைத்துப் பார்வையைக் கெடுப்பதும், உவர்நீரில் நின்ற காலில் வெடிப்பும் புண்ணும் ஆறாமலிருப்பதும், பருவம் தவறிய ஒரு மழை பல நாள் உழைப்பை ஒரே இரவில் கரைத்துவிடுவதும் அவ்வேளையில்தான் பேச்சில் வரும். மழை என்ற சொல்லைத் தஞ்சைக் கவிஞர் வாழ்த்தாகவே வழங்கிவந்திருக்கின்றனர். திருத்துறைப்பூண்டி உழவருக்கு வாழ்த்தாவது அகத்தியம்பள்ளி அளத்தாருக்குக் கேடு. இரண்டிற்கும் இடைத்தொலைவு ஒரு மணிநேரப் பயணம்கூட இல்லை.

ஆலோரரைப் பற்றி ஆலே நகரம் ஒரு கூடமே அமைத்தது. அவர்களுடைய தொழில் ஓய்ந்த பிறகு அது நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது. வேதாரணியத்தின் உப்புத் தொழில் இன்றும் நடந்துகொண்டிருப்பது. ஆகையால் அதற்குக் கண்ணாடிப் பெட்டி தேவையில்லை, கண்ணே போதும்.

பிற்பகலில் கோடியக்காடு. முல்லைப்பூத் தோட்டங்களையும் மாந்தோப்புகளையும் கடந்தால் உலர் பசுமைக் காடு தொடங்கும். 1967இல் விலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் உலக ஈரநிலங்களைக் காக்கும் இராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. திறந்த புல்வெளியில் வெளிமான்கள் மேயும்; முறுக்கிய கொம்புடைய கலையைக் கண்டால் முல்லைப் பாட்டுகளின் இரலை நினைவிற்கு வரும். அக்டோபர் முதல் சனவரி வரை வலசைப் பறவைகளின் காலம். உவர்நீர்ப் பரப்பில் பூநாரைகள் கூட்டமாய் நிற்கும். புகலிடத்தின் மேட்டுநிலம் இராமர் பாதம். உண்மையில் ஒரு மணல்மேடு. இத்தட்டைநிலத்தில் நாலடி உயர்ந்தாலும் குன்றே.

அங்குக் குழகர் கோயில் இருக்கிறது. சேரமான் பெருமாளோடு மறைக்காட்டையும் அகத்தியம்பள்ளியையும் தொழுதுவந்த சுந்தரர் இங்கு வந்தபோது சுற்றிலும் காடு, அப்பால் கடல். அருகில் ஒரு குடிகூட இல்லை. அவர் இயற்கை அழகைப் பாடவில்லை. கடற்காற்று கடிதாய் வந்து அறையும் இக்கரையில் துணையின்றித் தனியே இருக்கிறீரே, பக்கத்தில் சில குடிகள் இருந்தால் ஆகாதோ என்று இறைவனுக்காக இரங்கிக் கண்ணீர் மல்கினார். அடியவன் ஆண்டவனிடம் எதையேனும் கேட்பதே வழக்கம். இங்கோ ஒரு பயணி, தாம் ஒரு பகல் மட்டும் வந்து செல்லும் ஊரில், அங்கேயே இருப்பவர் எப்படி இரவைக் கழிப்பார் என்று கவலைப்படுகிறார். தேவாரத்தில் இதற்கு இணையான பதிகம் அரிது. கோடிக்கரையைப் பார்த்தோர் பலர். கோடிக்கரையில் இருப்பவரைப் பார்த்தவர் சுந்தரர்.

பல நூற்றாண்டுக்குப் பின், 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வனில் கல்கி அதே கரைக்குப் பூங்குழலியை அளித்தார். குழகர் கோயிலும் கலங்கரை விளக்கமும் புதைசேறும் வாசகர் நெஞ்சில் நிலைத்தன. ஆயினும் அவ்வாசகர் தேடிவந்த செங்கல் விளக்கத்தின் எச்சம் இன்று இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அது அழிந்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்தபோது காட்டின் மரங்கள் சாய்ந்தன, தென்னந்தோப்புகள் படுத்தன, அளங்களில் கடற்சேறு ஏறியது. மீண்டும் பாத்தி மிதித்துத்தான் அவற்றை மீட்டனர். கடற்காற்று வந்து அறையும் என்று சுந்தரர் அஞ்சியது கற்பனையன்று என்பதற்கு அவ்வூரார் ஒவ்வொருவரும் சான்று. அன்று துணையில்லை என வருந்தப்பட்ட கரையில் இன்று குடிகள் இருக்கின்றன. அக்குடிகளுக்குத் துணை எது என்று கேட்டு ஒரு பதிகம் இன்னும் எழுதப்படவில்லை.

மாலையில் ஊருக்குத் திரும்பினால் மேலைக்கோபுர வீதியில் முல்லை விற்பனை தொடங்கியிருக்கும். சுற்றுலா நூல்கள் இவ்வூருக்கு ஒதுக்கும் நேரம் அரைநாள். இரவுத் தங்கலை அவை பரிந்துரைப்பதில்லை. இரவு தங்கினாலன்றி விடியற்காலை அளத்திற்குச் செல்ல இயலாது. வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒரு திங்கட்கூட்டத்தை இவ்வூரில் வைக்கலாம் என உறுப்பினர் சிலர் எண்ணியுள்ளனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. அப்படி வருவோர் மாசி, பங்குனியில் வருவது நன்று. அப்போது உப்பு பூத்திருக்கும். முதல்நாள் மாலையே வந்துவிட வேண்டும். அர்த்தசாமப் பூசையில் விளக்கைக் கண்டு, அப்பர் அமைதியற்றிருந்த இரவில் பாதியளவாவது உறங்கி, நான்கு மணிக்கெல்லாம் எழுந்து நடந்தால், தலையில் சும்மாடும் இடுப்பில் கூடையுமாகப் பெண்கள் அகத்தியம்பள்ளிச் சாலையில் சென்றுகொண்டிருப்பர்.